கோடுகள் நகர்ந்தன, கணக்கும் நகர்ந்தது

1901-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 1,92,52,630 என்று கணக்கெடுப்புத் துறையின் நூற்றாண்டு அட்டவணைகள் குறிப்பிடுகின்றன. ஆனால் அந்த ஆண்டில் தமிழ்நாடு என்றொரு மாநிலம் இல்லை, அதன் இன்றைய எல்லைக்குள் அடங்கும் நிலம் முழுவதும் ஒரே ஆட்சியின் கீழும் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்தில், சமஸ்தானங்களை நீக்கி, ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட மாவட்டங்களில் மட்டும் 3 கோடியே 82 லட்சம் பேர் எண்ணப்பட்டனர். தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் துளுவும் ஒடியாவும் பேசிய மாவட்டங்கள் அதில் அடக்கம். மறுபுறம், இன்று தமிழ்நாட்டின் மாவட்டங்களாக இருக்கும் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாகவும், கன்னியாகுமரி திருவிதாங்கூரின் தென்கோடி வட்டங்களாகவும் வேறு ஏடுகளில் பதிவாயின. பிற்காலத்தில் எல்லை மாறிய ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய ஏடுகளைப் பிரித்து, வட்டம் வட்டமாகக் கூட்டியும் கழித்தும், புதிய எல்லைக்கு ஏற்பப் பெறப்பட்ட தொகையே அந்த 1.92 கோடி. கணக்கெடுப்புத் துறை இதைத் திருத்திய மக்கள்தொகை என்கிறது; அதாவது, அன்று எண்ணப்பட்ட மனிதர்களை இன்றைய வரைபடத்துக்குள் மீண்டும் அடுக்கிப் பார்ப்பது.

இந்த வேலை நேர்மையானது, தேவையானதும்கூட. ஆயினும் திருத்திய எண்ணையும் அந்தந்த ஆண்டில் அச்சான மூல எண்ணையும் அருகருகே வைத்து வளர்ச்சி என்றும் தேய்வு என்றும் பேசுவோர் மிகுந்துவிட்ட காலத்தில், ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை அதன் எல்லை வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குத் தலைநகரத்தைவிடப் பொருத்தமான இடம் கொங்கு நாட்டின் நடுவில் இருக்கிறது. அவிநாசியிலிருந்து புளியம்பட்டி செல்லும் சாலையில், திருப்பூர் மாவட்டத்தின் வட ஓரத்தில் உள்ள சேவூர் இருந்த இடத்திலேயே இருக்க, அதைச் சூழ்ந்த நாடும் மாகாணமும் மாநிலமும் மாவட்டமும் தொகுதியும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன.

சேவூரும் அவிநாசியும் கொங்கு மண்டலத்தின் 24 நாடுகளுள் ஒன்றான வடபரிசார நாட்டைச் சேர்ந்தவை. இங்கே நாடு என்பது பாசனத்தாலும் உறவுமுறையாலும் கோயிலாலும் பிணைந்த உழவூர்களின் தொகுதி. அதன் ஓரத்தில் அளவைக் கல் நட்டுக் கோடு கிழிக்கப்படவில்லை. சோழர், பாண்டியர், போசளர், விஜயநகரத்தார், மதுரை நாயக்கர் என்று ஆள்வோர் மாறியபோதும் இந்த நாட்டுப் பிரிவுகள் நீண்ட காலம் பெயர் மாறாமல் நின்றன. பின்னர் கொங்கு மைசூர் அரசின் கைக்குப் போனது. சத்தியமங்கலத்துக்கு வடமேற்கே மாயாற்றை ஒட்டிய கஜல்ஹட்டி கணவாய் வழியாக மைசூர்ப் படைகள் இறங்கும் பாதையில் இந்தப் பகுதி அமைந்திருந்தது.

சென்னை மாகாணத்தின் நிலம் ஒரு நாளில் திரண்டதன்று. 1639-இல் கடற்கரையில் ஒரு துண்டு நிலத்தைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி நீண்ட காலம் பெரும்பாலும் வணிக நிறுவனமாகவே இருந்து, பின்னர் 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம், திண்டுக்கல், மலபார் பகுதிகளையும், 1799 மே மாதம் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோயம்புத்தூர், கன்னடப் பகுதிகளையும், அதே ஆண்டில் தஞ்சாவூரையும், 1800-இல் நிஜாமிடமிருந்து பல்லாரி, கடப்பைப் பகுதிகளையும், 1801-இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பரப்பு முழுவதையும் கைக்கொண்டது. ஒன்பதே ஆண்டுகளில் இவ்வளவும் சேர்ந்தன. போரிலும் கடனிலும் கிடைத்ததைக் கிடைத்த வரிசையில் ஒட்டிவைத்த பரப்பு அது. மொழியோ மண்ணோ அதன் எல்லையைத் தீர்மானிக்கவில்லை. கொங்குப் பகுதி முதலில் பவானியையும் தாராபுரத்தையும் தலைமையிடமாகக் கொண்ட வட, தென் கோட்டங்களாக ஆளப்பட்டு, 1804-இல் இரண்டும் இணைந்து கோயம்புத்தூர் மாவட்டமாயிற்று. 1868-இல் நீலகிரி அதிலிருந்து பிரிந்தது.

தாது வருடப் பஞ்சமும் கணக்கேடும்

சென்னை மாகாணம் முழுவதற்குமான முறையான முதல் கணக்கெடுப்பு 1871-இலும், இந்தியா முழுவதும் ஒரே நேரத்தில் நடந்த முதல் கணக்கெடுப்பு 1881-இலும் எடுக்கப்பட்டன. குறித்த ஓர் இரவில் யார் எங்கே இருக்கிறாரோ அங்கேயே அவரை எண்ணும் ஓரிரவுக் கணக்கு முறை 1931 வரை நடைமுறையில் இருந்தது. 1871, 1881 கணக்கெடுப்புகளுக்கு இடையில்தான் தாது வருடப் பஞ்சம் என்று கொங்கு நாட்டில் இன்றும் பேசப்படும் 1876-78 பெரும் பஞ்சம் வந்தது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் 1871-இல் எண்ணப்பட்டோர் 17,63,274 பேர்; 1881-இல் 16,57,690 பேர். பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் சரிவு இன்னும் கொடியது: 19,66,995 ஆக இருந்த எண்ணிக்கை 15,99,595 ஆயிற்று.

நீலகிரியின் பிரிவு 1871-க்கு முன்பே முடிந்துவிட்டதாலும், இடைப்பட்ட பத்தாண்டுகளில் கோயம்புத்தூர் மாவட்டத்துக்குப் பெரிய எல்லை மாற்றம் ஏதும் நேராததாலும், இந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குறைவுக்கு வரைபடத்தைக் காரணம் காட்ட முடியாது. பத்தாண்டுகளின் இயல்பான பிறப்புகளை எல்லாம் விழுங்கிய பின்னும் எஞ்சிய இழப்பு அது; பசியாலும் காய்ச்சலாலும் செத்தவர்களும், ஊரைவிட்டு மலைத்தோட்டங்களுக்கும் கடல் கடந்தும் போனவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். மாவட்டம் மீண்டது வேகமாகத்தான்: 1891-இல் 20,04,839, 1901-இல் 22,01,752. ஆனால் மழையை மட்டும் நம்பிய மேட்டுக்காட்டு ஊர்களில் கிணறு வெட்டுவது எவ்வளவு பெரிய முதலீடாகக் கருதப்பட்டது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த எண்களின் ஏற்றத் தாழ்வுக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1901-ஆம் ஆண்டின் 22 லட்சம் என்ற எண்ணை இன்றைய கோவை மாவட்டத்தின் எண்ணோடு ஒப்பிடுவது பெரும் பிழை. அன்று கோயம்புத்தூர் மாவட்டம் பத்து வட்டங்களைக் கொண்டிருந்தது: கோயம்புத்தூர், பொள்ளாச்சி, பல்லடம், உடுமலைப்பேட்டை, தாராபுரம், ஈரோடு, கரூர், பவானி, சத்தியமங்கலம், கொள்ளேகால். அவிநாசி அந்தப் பட்டியலில் இல்லை. அது தனி வட்டமானது பின்னர்தான். கரூர் 1910-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குப் போனது. கொள்ளேகாலோ 1956-இல் மாநிலத்தைவிட்டே போனது.

மொழிவழிப் பிரிவினையும் கொள்ளேகாலும்

மாகாணத்தின் ஓரங்கள் விடுதலைக்கு முன்பே கரையத் தொடங்கியிருந்தன. வட கன்னடம் 1862-இல் பம்பாய் மாகாணத்தோடு சேர்க்கப்பட்டது. 1936 ஏப்ரல் 1 அன்று ஒரிசா மாகாணம் உருவானபோது கஞ்சம் மாவட்டத்தின் பெரும்பகுதி அதற்குச் சென்றது. 1948 மார்ச்சில் புதுக்கோட்டைச் சமஸ்தானம் உள்ளே வந்தது. 1951 கணக்கெடுப்பில் சென்னை மாநிலத்தின் மக்கள்தொகை 5,70,16,002 என்று அச்சாயிற்று. அந்த ஏடு பழசாவதற்கு முன்பே, பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று உண்ணாநோன்பில் உயிர்நீத்ததைத் தொடர்ந்து, 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தது. ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் பேர் ஒரே நாளில் வேறு மாநிலத்தவரானார்கள். சென்னை நகரம் யாருக்கு என்ற வழக்கு தமிழகத்துக்குச் சாதகமாக முடிந்ததில் ம.பொ.சி.யின் போராட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1956 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த மாநிலச் சீரமைப்பு, பசல் அலி தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரைகளை ஒட்டியது. மலபார் கேரளத்துக்கும், தென்கன்னடம் காசர்கோடு நீங்கலாக மைசூருக்கும் சென்றன; இலட்சத்தீவுகள் ஒன்றிய ஆட்சிப் பகுதியாயின. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகவும், செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்தோடும் இணைந்தன. அந்த இணைப்புக்கு மார்ஷல் நேசமணி தலைமையில் தென் திருவிதாங்கூர்த் தமிழர்கள் கொடுத்த விலை பெரிது. 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. கோவைக்காரர்களுக்கு 1956 நவம்பர் 1 வேறொரு வகையில் முக்கியமானது: அதுவரை பாலக்காடும் கோயம்புத்தூரும் ஒரே மாநிலத்தின் அடுத்தடுத்த மாவட்டங்களில் இருந்தன, வாளையாறு மாநில எல்லையானது அன்றுதான்.

அதே நாளில் கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. மலைக்கு அப்பால் காவிரிக்கரையில் கிடக்கும் அந்த வட்டம், 1799-இல் திப்புவின் நிலங்கள் பங்கிடப்பட்டபோது கோயம்புத்தூரின் பங்கோடு வந்து, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இந்த மாவட்டத்தின் அங்கமாக இருந்தது. அங்கே பெரும்பான்மையோர் பேசியது கன்னடம். மொழி என்ற அளவுகோலின்படி அந்த மாற்றம் நியாயமானதே. ஆனால் அதே அளவுகோல் எல்லா இடத்திலும் ஒரே சீராக வைக்கப்படவில்லை என்பதற்குச் சான்றும் அருகிலேயே இருக்கிறது. திம்பம் மலைப்பாதைக்கு மேலே உள்ள தாளவாடிப் பகுதியில் கன்னடம் பேசுவோர் நிறைந்திருக்க, அது தமிழ்நாட்டிலேயே நின்றது. கன்னடத் திரையுலகின் மாபெரும் நடிகர் ராஜ்குமாரின் சொந்த ஊரான கஜனூர் இன்றும் ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. மறுபுறம் மாதேஸ்வரன் மலை கர்நாடகத்துக்குள் போனபின்பும் கொங்கு நாட்டு அடியார்கள் அங்கே போவதை நிறுத்தவில்லை. மொழியால் பிரிக்கும்போது வட்டம் என்ற பழைய வருவாய் அலகையே கத்தியாகப் பயன்படுத்தியதால், வட்டத்துக்குள் கலந்து வாழ்ந்த மக்களை அந்தக் கத்தியால் பிரிக்க இயலவில்லை. தாளவாடி இதற்குத் தென்னிந்தியாவில் கிடைக்கும் தெளிவான எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. அது உரிய அளவு ஆராயப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

1960 ஏப்ரல் 1 அன்று படாஸ்கர் பரிந்துரையின்படி திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்து, பொன்னேரி, திருவள்ளூர் பகுதிகளிலிருந்து சில ஊர்கள் ஆந்திரத்துக்குப் போனதோடு இன்றைய நிலப்பரப்பு ஏறத்தாழ முடிவுற்றது. சங்கரலிங்கனார் உயிர் கொடுத்துக் கேட்ட தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14 அன்று சட்டப்படி வந்தது. இத்தனை கூட்டல் கழித்தலுக்குப் பின் 1951-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு மக்கள்தொகை 3,01,19,047 என்று திருத்தப்பட்டது. அச்சான 5.70 கோடிக்கும் இதற்கும் இடையிலான 2.69 கோடி பேர் எங்கும் மறைந்துவிடவில்லை. அவர்கள் வேறு மாநிலங்களின் அட்டவணைகளில் இருக்கிறார்கள். எல்லைகள் ஒருவாறு நிலைத்த பின்னர்தான் மூல எண்களை அப்படியே ஒப்பிட முடிகிறது: 1961-இல் 3.37 கோடி, 1971-இல் 4.12 கோடி, 1981-இல் 4.84 கோடி, 1991-இல் 5.59 கோடி, 2001-இல் 6.24 கோடி, 2011-இல் 7.21 கோடி. 1961-71 பத்தாண்டில் 22 விழுக்காட்டைத் தாண்டிய வளர்ச்சி 1991-2001-இல் 12 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. எல்லை மாற்றத்தின் உதவியின்றித் தமிழ்நாட்டுப் பெண்களின் கல்வியும் குடும்பநலத் திட்டங்களும் மருத்துவ வசதிகளும் கொண்டுவந்த இறக்கம் அது.

மாவட்டக் கணக்கு

மாநில எல்லை நிலைத்தபின் மாவட்டங்கள் பிரியத் தொடங்கின. 1979-இல் கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு பிரிந்து, சில காலம் பெரியார் மாவட்டம் என்ற பெயரில் விளங்கியது. 2009 பிப்ரவரியில், பனியன் தொழிலின் அழுத்தத்தாலும் நெடுநாள் கோரிக்கையாலும், கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர், அவிநாசி, பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளும் ஈரோட்டிலிருந்து தாராபுரம், காங்கயம் முதலிய பகுதிகளும் சேர்ந்து திருப்பூர் மாவட்டம் உருவாயிற்று. சேவூர்க்காரர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்குக் கோவை போவது நின்றது அப்போதுதான்.

2001 கணக்கெடுப்பில் கோயம்புத்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 42,71,856. 2011-இல் அது 34,58,045. வரைபடத்தைப் பார்க்காமல் இந்த இரண்டு எண்களை மட்டும் வாசிப்பவர், தென்னிந்தியாவின் வேகமான தொழில் மாவட்டமொன்றில் பத்தாண்டுகளில் எட்டு லட்சம் பேர் காணாமல் போனதாகத்தான் முடிவு செய்ய நேரும். ஈரோடும் 25,81,500-இலிருந்து 22,51,744 ஆகக் குறைந்ததாகத் தோன்றும். கணக்கெடுப்புத் துறை 2001-ஆம் ஆண்டின் ஏட்டைப் புதிய எல்லைப்படி பிரித்துக் கொடுத்த திருத்திய எண்ணிக்கை இதைத் தெளிவாக்குகிறது. கோயம்புத்தூருக்கு 29,16,620, ஈரோட்டுக்கு 20,16,582, அன்று பிறந்திராத திருப்பூர் மாவட்டத்துக்கு 19,20,154. இந்த மூன்றையும் கூட்டினால் 68,53,356. பழைய இரண்டு மாவட்டங்களின் மூல எண்களைக் கூட்டினாலும் அதே 68,53,356. ஓர் ஆள்கூட விடுபடவில்லை. கோவையிலிருந்து 13,55,236 பேரும் ஈரோட்டிலிருந்து 5,64,918 பேரும் வீட்டைவிட்டு நகராமலேயே புதிய மாவட்டத்தவரானார்கள். இந்த அடித்தளத்தின்மேல்தான் 2011-ஆம் ஆண்டின் 24,79,052 என்ற எண்ணை வைத்து, திருப்பூர் மாவட்டம் பத்தாண்டுகளில் 29 விழுக்காடு வளர்ந்தது என்று சொல்ல முடிகிறது. திருத்திய கணக்கின்படி கோவையின் வளர்ச்சி 18.6 விழுக்காடு, மாநிலத்தின் சராசரி 15.6 விழுக்காடு.

திருப்பூர் நகரத்தின் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. 2011 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள்தொகை 4,44,352. வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் சுற்றியிருந்த ஊராட்சிகளும் மாநகராட்சியோடு இணைந்தபின் அதே கணக்கெடுப்பின்படி அது 8,77,778. ஓர் அரசாணையால் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டித்தது. பிரிண்டிங் பட்டறைகளும் சாயப்பட்டறைகளும் லைன் வீடுகளும் அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தன.

மக்களின் பிழைப்பு இந்தக் கோடுகளுக்கு அடங்குவதில்லை. சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வாரந்தோறும் நடக்கும் நிலக்கடலை ஏலம் ஒரு நல்ல சான்று. முதல் ரகம், இரண்டாம் ரகம், மூன்றாம் ரகம், பச்சைக் காய் என்று தரம் பிரித்துக் குவிண்டாலுக்கு விலை கூறப்படும் அந்த முற்றத்துக்கு உள்ளூர்க் காடுகளின் மூட்டைகளோடு சுற்று வட்டாரத்து மூட்டைகளும் வருகின்றன. இந்தச் சுற்று வட்டாரத்தில் அன்னூர் கோவை மாவட்டம், புளியம்பட்டியும் நம்பியூரும் ஈரோடு மாவட்டம், அவிநாசி திருப்பூர் மாவட்டம். பழைய வடபரிசார நாட்டின் நிலம் இன்று மூன்று ஆட்சியர்களின் எல்லைகள் சந்திக்கும் மூலையாக இருக்கிறது. தேர்தல் வரைபடமோ இன்னொரு கோட்டைக் கிழித்திருக்கிறது. அவிநாசிச் சட்டமன்றத் தொகுதி நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்ததாதலால், சேவூர் வாக்காளர்கள் உதகமண்டலம், கூடலூர், குன்னூர் மலைமக்களோடும் மேட்டுப்பாளையம், பவானிசாகர் மக்களோடும் சேர்ந்தே தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1868-இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்த நீலகிரியோடு அவர்களை மீண்டும் சேர்த்தது இந்தத் தொகுதி வரையறைதான்.

தொகுதிகளின் உள்ளெல்லை 2001 கணக்கின்படி மாறினாலும், மாநிலத்துக்கு எத்தனை மக்களவை இடங்கள் என்ற எண்ணிக்கை 1971 கணக்கிலேயே நிறுத்தப்பட்டது. 1961 கணக்கெடுப்புக்குப் பின் தமிழ்நாட்டின் இடங்கள் 41-இலிருந்து 39 ஆகக் குறைந்ததை மாநிலம் மறக்கவில்லை. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக 1976-இல் வந்த 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இடங்களின் எண்ணிக்கையை உறையவைத்தது. 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. ஆகவே அடுத்த கணக்கெடுப்பின் ஒவ்வோர் எண்ணுக்கும் இதுவரை இல்லாத அரசியல் எடை இருக்கிறது.

2021-இல் நடந்திருக்க வேண்டிய அந்தக் கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1 கணக்கு நாளாக அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்புக்கு முன் மாவட்ட, வட்ட, ஊர் எல்லைகளை மாற்றக் கூடாது என்று தடைசெய்யும் எல்லை உறைவுக்கு 2025 டிசம்பர் 31 நாள் குறிக்கப்பட்டது. இந்த உறைவு வெறும் அலுவலக நடைமுறையாகத் தோன்றலாம். பின்னால் வரும் ஆய்வாளர்கள் திருத்திய எண்ணிக்கையைப் பிழையின்றிப் பெறுவதற்கு அதுவே அடிப்படை.

திருப்பூர் வட்டாரத்தின் உண்மையான எண்ணிக்கைக்கு எல்லைக் கோட்டைவிடப் பெரிய சோதனை வேறொன்று இருக்கிறது. பனியன் கம்பெனிகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் வேலை செய்யும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களும், தென்மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்களும், அவிநாசி, பெருமாநல்லூர், சேவூர்ச் சாலைகளின் ஓரத்து லைன் வீடுகளிலும் விடுதிகளிலும் தங்கியிருக்கிறார்கள். கணக்கெடுப்பாளர் வரும் பகல் நேரத்தில் அவர்களில் பலர் ஷிப்டில் இருப்பார்கள். பூட்டிய கதவு விடுபட்ட குடும்பமாக முடியும். வழக்கமாகத் தங்கியிருக்கும் இடத்திலேயே எண்ணப்படுவது அவர்களது உரிமை. ஊராட்சிக்கு வரும் குடிநீரும் நியாயவிலைக் கடையும் பள்ளியும் அந்த எண்ணை வைத்தே திட்டமிடப்படும். ஆகவே லைன் வீட்டு உரிமையாளர்களும், விடுதி நடத்தும் கம்பெனிகளும், ஊராட்சி மன்றத்தாரும் அந்தத் தொழிலாளர்களின் பெயர்களை முன்கூட்டியே எழுதிவைத்து, கணக்கெடுப்பாளர் வரும்போது ஒருவர்கூட விடுபடாமல் பதிவு செய்ய உதவ வேண்டும்.